சான்றிதழ் யாருக்கு?



கள்ளக்குறிச்சி வட்டாரத்திலே நமது படிப்பகம் எதற்கு வேண்டுமாயினும் ஒரு மாலைப் பொழுதிலே சென்று பாருங்கள். நாளேடுகள் விரிந்து கிடக்கும் நீள்மேசையின் ஓரத்திலே நாலைந்து இளைஞர்கள் தலை நிமிராது அமர்ந்திருப்பர். தலையங்கம் படிக்கிறார்களோ என்று மகிழ்ந்துவிட வேண்டாம், தேர்வுக்குப் படிக்கிறார்கள்! ஒருவர் கையிலே குரூப் 4, மற்றொருவர் கையிலே காவலர் தேர்வு, வேறொருவர் கையிலே ஆசிரியர் தகுதித் தேர்வு. பானிப்பட்டுப் போர் எந்த ஆண்டு என்றால் பட்டென்று பதில் வரும். பசிபிக் பெருங்கடலின் ஆழத்தைக் கேட்டால் அதுவும் வரும். "உங்கள் தெருக் குழாயிலே நாளொன்றுக்கு எத்தனை லிட்டர் வருகிறது? அதிலே எத்தனை லிட்டர் வீடு வந்து சேராமலே மண்ணுக்குள் மறைகிறது?" என்று கேட்டுப் பாருங்கள், விழிப்பர். அவர்கள்மீது குற்றமில்லை. கேள்வித்தாளிலே வராத கேள்வியை எவர்தான் படிப்பார்?

அந்தக் கேள்வியைக் கேட்கின்ற தேர்வு ஒன்று உலகிலே இருக்கிறது. அதுபற்றித்தான் இந்த ஞாயிறு உங்களோடு உரையாட எண்ணுகிறேன்.

"தண்ணீர் பிடிப்பதற்குமா தேர்வு! நாளைக்கு மூச்சு விடுவதற்கும் சான்றிதழ் கேட்பார்களோ?" என்று கேலி பேசினார், நண்பர் ஒருவர். கேலிக்குரிய செய்தி அல்ல அது. அமெரிக்க நாட்டிலே கலிபோர்னியா, நெவாடா என்று அடுத்தடுத்த இரு மாநிலங்கள். வறட்சி வந்து வந்து வாட்டியதால் தண்ணீரின் அருமையை அறிந்தவை. 1881ஆம் ஆண்டிலே தோன்றிய அமெரிக்கக் குடிநீர்ப்பணிச் சங்கத்தின் அந்தப் பகுதிக் கிளை, நீர்ப் பயன்பாட்டுத் திறன் என்று ஒரு துறையையே வகுத்து, அதிலே தேறியோருக்குப் படிநிலைவாரியாகச் சான்றிதழ் வழங்குகிறது. நகருக்குள் நுழைந்த நீர் எவ்வளவு, கணக்கிலே வந்தது எவ்வளவு, கசிந்தது எவ்வளவு, எந்தக் கழிப்பறைத் தொட்டி எத்தனை லிட்டரை விழுங்குகிறது, கட்டணத்தை எவ்விதம் அமைத்தால் வீண்செலவு குறையும், வீட்டுக்காரரிடம் எப்படி எடுத்துரைத்தால் காது கொடுத்துக் கேட்பார் என்பவையெல்லாம் அந்தத் துறையிலே பாடம்.

நம் நாட்டிலே மின்சாரத்துக்கு இத்தகைய ஏற்பாடு வந்து ஆண்டுகள் பல ஆகின்றன. 2001ஆம் ஆண்டு எரிசக்திச் சேமிப்புச் சட்டம். 2002 மார்ச் திங்களிலே அதற்கென ஒரு பணியகம். பின்னர், எரிசக்தித் தணிக்கையாளர் ஆவதற்கு நாடு தழுவிய தேர்வு. தண்ணீருக்கு இத்தகைய பணியகம் எப்போது அமைந்தது தெரியுமோ? 2022 அக்டோபரில்! இருபது ஆண்டு இடைவெளி. மின்சாரம் இல்லாமல் நம் பாட்டன் வாழ்ந்து காட்டினான். தண்ணீர் இல்லாமல் ஒரு கிழமை வாழ்ந்தவன் உண்டா?

2020 செப்டம்பரில் மத்திய நிலத்தடி நீர் ஆணையம், தன் ஆளுகைக்குட்பட்ட மாநிலங்களிலே, நாளொன்றுக்கு 100 கன மீட்டருக்கு மேல் நிலத்தடி நீர் எடுக்கும் ஆலைகள் சான்று பெற்ற தணிக்கையாளரைக் கொண்டு ஆண்டுதோறும் தணிக்கை செய்தாக வேண்டும் என்று விதித்தது. ஆக, தண்ணீர்த் தணிக்கையாளர் ஆலை வாசல் வரையிலே வந்துவிட்டார். நம் தெருமுனைக்கும் வருவார். 2021 அக்டோபர் முதல் நாள் தொடங்கிய அம்ருத் இரண்டாம் கட்டத் திட்டம், நகரங்களிலே கணக்கில் வராது போகும் நீரை 20 விழுக்காட்டுக்குக் கீழே குறைக்க வேண்டும் என்கிறது. குறைப்பதற்கு முன்னால் அளக்க வேண்டும்; அளப்பதற்கு ஆள் வேண்டும்; ஆள் வேண்டும் என்றதுமே தகுதி என்பார்கள், தேர்வு என்பார்கள்.

வரட்டும். வரவேற்போம். எந்த மொழியிலே வரும், எவரை உள்ளே விடும், எவரை வாசலிலேயே நிறுத்தும் என்பதிலேதான் எனக்குக் கவலை.

'தகுதி' என்ற சொல் நமக்குப் புதிதன்று. உத்திரமேரூர்க் கல்வெட்டை எத்தனை மேடைகளிலே எடுத்துக் காட்டி முழங்கியிருப்போம்! முதற் பராந்தகன் காலத்திலே, 919, 921 ஆகிய ஆண்டுகளிலே பொறிக்கப்பட்ட அந்தக் கல், குடவோலை முறையைக் கூறுகிறது. ஏரியைக் காப்பதற்கென்றே ஏரி வாரியம், அதற்கு ஆறு பேர் என்று கூறுகிறது. பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் பெருமை பேசிடும் அவசரத்திலே அடுத்த வரியைப் படிக்க மறந்துவிடுகிறோம். ஏரி வாரியத்திலே அமர்வதற்கு என்ன தகுதி கேட்டார்கள்? வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையிலே வீடு வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். வேதத்திலே பயிற்சி வேண்டும். நிலம் அரைக்கால் வேலியே ஆயினும் வேதமும் அதன் உரையும் கற்றவராயின் போதும் என்று சலுகை வேறு! மதகை ஏற்றி இறக்கத் தெரியுமா, கரையிலே கசிவு கண்டால் எங்கே மண் வெட்டிப் போட வேண்டும் என்று தெரியுமா? இப்படி ஒரு வரி அந்தத் தகுதிப் பட்டியலிலே இல்லை. (பதவியிலே இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மறுமுறை வரக்கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. அதை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். இன்றைக்கு மிகவும் தேவை!)

ஏரியை உண்மையிலே அறிந்தவர் நீர்க்கட்டி. நமது வடதமிழகத்துச் சிற்றூர்களிலே அண்மைக்காலம் வரையிலே இருந்தவர், சில ஊர்களிலே இன்றும் இருப்பவர். பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட குடியிலே பிறந்தவர். கணுக்கால் அளவு நீரிலே நின்றபடி, எந்த மடையை எவ்வளவு நேரம் திறந்தால் கடைமடைக்கு நீர் போய்ச் சேரும் என்று சொல்லிவிடுவார். அறுவடை நாளிலே களத்து நெல்லிலே சிறு பங்கு அவருக்குக் கூலி. நீரை அறிந்தவருக்குக் கூலி; நீரை ஆள்பவருக்குப் பதவி. இந்தப் பிரிவினையைத்தான் நாம் தேர்வு என்ற புதுப் பெயரிலே மறுபடியும் கட்டிவிடக் கூடாது என்கிறேன்.

இன்றைக்கு நகரத்து நீர்க்கட்டி யார்? விடியுமுன் நீண்ட இரும்புச் சாவியைத் தோளிலே சார்த்திக்கொண்டு, மிதிவண்டியிலே வந்து, சாலையோரக் குழியின் மூடியை அகற்றி, வால்வைத் திருகிவிட்டு அடுத்த தெருவுக்கு விரைகிறாரே, அவர்தான். எந்தத் தெரு மேடு, எந்தத் தெரு பள்ளம், எந்த வீட்டிலே குழாயோடு மோட்டாரைப் பொருத்திப் பக்கத்து வீட்டுப் பங்கையும் சேர்த்து உறிஞ்சுகிறார்கள், எந்த வளைவிலே ஆண்டுக்கு இருமுறை குழாய் வெடிக்கும் என்பதெல்லாம் அவர் தலைக்குள்ளே இருக்கிறது. வரைபடம் அலுவலகத்திலே இருக்கலாம். குழாய் உடைந்த அன்று முதலிலே தேடப்படுபவர் அவர். அவர்களிலே பலர் ஒப்பந்தக் கூலிகள். நாளை 'பட்டயம் பெற்றவர் மட்டுமே விண்ணப்பிக்கலாம், தேர்வு ஆங்கிலத்தில்' என்று ஓர் அறிவிப்பு வந்தால், இருபது ஆண்டு வால்வு திருகிய அந்தக் கை தகுதியற்ற கையாகிவிடும். அந்தத் தெருவின் பெயரைக்கூட அறியாத ஒருவர், மூன்று மாதப் பயிற்சிக் கட்டணம் கட்டியவர், தகுதி பெற்றவராகிவிடுவார்.

நான் கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டுவந்து நாடகம் எழுதுபவன். பட்டம் பெற்றோர்மீது பொறாமை கொண்டு பேசுகிறான் என்று எவரேனும் எண்ணினால் எண்ணிவிட்டுப் போகட்டும். பொறியாளர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பொறியாளர்களே இதை உணர்ந்து நடந்ததுண்டு. 1971இலே தொடங்கப்பட்ட நமது குடிநீர் வடிகால் வாரியத்தின் பொறியாளர்கள், 2004ஆம் ஆண்டிலே 'கூடம்' என்று தமிழ்ப் பெயரிட்டு, மேலவர் கீழவர் என்ற வரிசை பாராது ஒன்றாக அமர்ந்து பேசி, ஊராரிடம் சென்று கேட்டுக் கற்கும் முறையை மேற்கொண்டனர். கற்பிக்கச் சென்றவர் கற்றுக்கொண்டு திரும்பிய அந்த முறை நம் மண்ணிலே முளைத்தது.

இதையெல்லாம் கள்ளக்குறிச்சியை வைத்துப் பேசுவானேன்? காரணம் உண்டு.

மேற்கே நிமிர்ந்து பாருங்கள், கல்வராயன் மலை. கோமுகி அங்கே பிறக்கிறது. மணிமுத்தாறு அங்கிருந்து இறங்குகிறது. கச்சிராயப்பாளையத்தை அடுத்து, மலையின் காலடியிலே, 1960களிலே கட்டி எழுப்பிய கோமுகி அணை, 46 அடி. மலையிலே பெய்த மழை அணையை நிரப்பி, ஏரிகளை நிரப்பி, கிணறுகளை ஊறவைத்து, விருத்தாசலம் வழியே வெள்ளாற்றிலே கலந்து, பரங்கிப்பேட்டையருகே கடலிலே சேருகிறது. அந்த மலையிலே வாழ்வோர் மலையாளிப் பழங்குடியினர். 1976ஆம் ஆண்டு வரையிலே ஜாகிர்தார்களின் பிடியிலே இருந்தவர்கள்; நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் கழித்து அரசின் நேரடி ஆட்சியைக் கண்டவர்கள்! அவர்தம் வாழ்க்கை நிலை குறித்து 2024ஆம் ஆண்டிலே சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டதை ஏடுகளிலே படித்திருப்பீர்கள். ஆற்றைப் பெற்றெடுத்த மலை அது. அங்கே ஒரு தாய் குடத்தை இடுப்பிலே ஏந்தி ஊற்றுக்கு நடக்கிறாள். அடிவாரத்திலே நகரம், 2019 நவம்பர் 26 முதல் மாவட்டத் தலைநகர். அலுவலகங்கள் வந்தன, விடுதிகள் வந்தன, அடுக்குமாடி வந்தது. கள்ளக்குறிச்சி, திருக்கோவிலூர், உளுந்தூர்பேட்டை என மூன்று நகராட்சிகள். தாகம் வளர்கிறது, மலை வளரவில்லை.

மெத்தப் பெரிய நகரம் தாகத்தால் தவித்தால் என்ன நேரும் என்பதை 2019 ஜூன் திங்களிலே சென்னை காட்டிற்று. ஏரிகள் தரை காட்டின. ஜூலை 12ஆம் நாள் சோலையார்பேட்டையிலிருந்து தண்ணீர் ரயில் வந்தது. 25 லட்சம் லிட்டர்! ஏடெல்லாம் படம். அந்த 25 லட்சமும் சென்னையின் ஒரு நாள் தேவையிலே நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. கசியும் குழாயை அடைத்திருந்தால் ஒரு ரயில் அல்ல, பல ரயில் மிச்சம்.

சரி, படிப்புக்கு வருவோம். தேர்வுக்கு என்ன படிப்பது? ஒரு கேள்வி தருகிறேன். இன்றைக்கே செய்து பாருங்கள்.

தெருமுனைக் குழாய் இணைப்பிலே ஒரு கசிவு. அதன் கீழே 15 லிட்டர் பிடிக்கும் குடத்தை வைக்கிறீர்கள். ஒரு நிமிடத்திலே நிறைகிறது. நாளொன்றுக்கு இழப்பு எவ்வளவு? ஒரு நாளைக்கு 1,440 நிமிடம். 21,600 லிட்டர் என்று விடை எழுதுவீர்கள். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களிலே ஆளுக்கு 135 லிட்டர் என்பது மத்திய அரசின் கையேடு வகுத்த அளவு. 160 பேருடைய நீர் ஒரே கசிவிலே போயிற்று என்று மேடையிலே முழங்கிவிடவும் செய்வீர்கள். கைதட்டல் கிடைக்கும், மதிப்பெண் கிடைக்காது! குழாயிலே நீர் வருவது எத்தனை மணி நேரம் என்று கேட்டீர்களா? நாளுக்கு இரண்டு மணி நேரமே வருமானால் இழப்பு 1,800 லிட்டர். 13 பேருடைய பங்கு. அளவைப் பெருக்கிச் சொல்வது எங்களைப் போன்ற பேச்சாளர்களின் தொழில்நோய். தண்ணீர்க் கணக்கன் அந்த நோய்க்கு ஆளாகக் கூடாது.

'பார்த்தீர்களா, விட்டு விட்டுத் தருவதே சிக்கனம்!' என்று எவரேனும் கூறினால் ஏமாந்துவிடாதீர்கள். இங்கேதான் பாடத்தின் உயிரான பகுதி இருக்கிறது. குழாயிலே நீர் அழுத்தத்தோடு நிற்கும்போது கசிவின் வழியே நீர் வெளியேறும். திறப்பு நின்று குழாய் வெறுமையானதும் அதே துளையின் வழியே வெளியிலுள்ளது உள்ளே இழுக்கப்படும். பக்கத்திலே சாக்கடை ஓடினால்? மறுநாள் முதல் குடத்திலே நோய் வருகிறது. அதனால்தான் வீட்டிலே அம்மா, 'முதல் தண்ணியைப் பிடிக்காதே, விடு' என்கிறார். அம்மாவுக்கு எவரும் பாடம் நடத்தவில்லை, தெரிந்து வைத்திருக்கிறார். அப்படித் தெருவிலே விடப்படும் முதல் நீர், 'நாளை வருமோ வராதோ' என்று அஞ்சி அண்டா முழுதும் பிடித்து வைத்து, மறுநாள் புது நீர் வந்ததும் கொட்டிக் கவிழ்க்கப்படும் பழைய நீர் என, சிக்கனம் என்று கருதிய முறையிலேயே இத்தனை வீண்!

மேல்நாட்டுப் பாடநூல், கசிவைக் கண்டுபிடிக்க நள்ளிரவிலே அளக்கச் சொல்கிறது. ஊர் உறங்கும் வேளையிலே, இரண்டு மணி முதல் நான்கு மணி வரையிலே, மீட்டர் ஓடினால் அது பெரும்பாலும் கசிவு. அருமையான முறை, ஆனால் இருபத்து நான்கு மணி நேரமும் குழாயிலே நீர் நிற்கும் ஊருக்குத்தான் அது பொருந்தும். நம் ஊரிலே நள்ளிரவுக் குழாயிலே காற்றுத்தான் இருக்கும்! இங்கே வேறு வழி வேண்டும். மேல்நிலைத் தொட்டியை நிரப்பி, ஒரு பகுதிக்கு மட்டும் வால்வைத் திறந்து, அந்தப் பகுதி வீடுகள் அனைத்தும் குழாயை அரைமணி மூடி வைத்துக்கொண்டால், தொட்டியிலே குறையும் மட்டம் கசிவின் அளவைக் காட்டிவிடும். இதைச் செய்ய ஆங்கிலம் வேண்டாம். வீடு வீடாகச் சென்று, 'அரைமணி நேரம் மூடி வையுங்கள், அக்கா' என்று கேட்டு இணங்க வைக்கத் தெரிய வேண்டும். வாக்குக் கேட்டுப் படியேறிய நம்மைவிட அதற்கு ஏற்றவர் யார்?

இடையிலே ஒரு மறுப்பு எழும், அதுவும் நியாயமானதே: 'கரும்பு குடிக்கும் நீருக்கு முன்னால் நகரக் குழாய் எம்மாத்திரம்?' மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயப்பாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உள்ள மாவட்டம் இது. வயலுக்குத்தான் மிகுதியான நீர் என்பதிலே ஐயமில்லை. ஆனால் ஏரியிலிருந்து வயலுக்குப் பாயும் நீர் பள்ளம் நோக்கித் தானே பாய்கிறது. நகரக் குழாயின் நீர் இறைக்கப்பட்டு, தூய்மை செய்யப்பட்டு, மேலே ஏற்றப்பட்டு வருகிறது. மண்ணிலே மறையும் ஒவ்வொரு குடத்தோடும் மின்கட்டணமும் குளோரினும் சேர்ந்தே மறைகின்றன. அந்தப் பணம் நகராட்சியின் பணம், வரி கட்டியவரின் பணம். மேலும், உழவரிடம் சென்று சொட்டுநீர் போடுங்கள் என்று அறிவுரை கூறும் நகரத்தான், முதலில் தன் வீட்டுக் குழாயை இறுக்கி மூடிவிட்டுப் போவது அழகு.

நடக்குமா என்று கேட்பீர்கள். நடந்திருக்கிறது. கம்போடியாவின் தலைநகர் நோம்பென். போரிலும் கொடுங்கோலிலும் சிதைந்து கிடந்த நகரம். 1993இலே குழாயிலே விட்ட நீரில் 72 விழுக்காடு கணக்கிலே வரவில்லை. ஒரு பகுதி கசிவு, ஒரு பகுதி திருட்டு. ஏக் சோன் சான் என்ற பொறியாளர் பொறுப்பேற்றார். ஊழியரைப் பயிற்றினார், கசிவைக் குறைத்த குழுவுக்குப் பரிசு வைத்தார், ஏழைக்கும் இணைப்பு, பணக்காரனுக்கும் மீட்டர் என்றார். படைத்தலைவர் ஒருவர் வீட்டிலே மீட்டர் பொருத்தச் சென்றபோது அவர் தலைக்கு நேராகத் துப்பாக்கி நீண்டதாகக் கூறுவர். மீட்டர் பொருத்தப்பட்டது! இழப்பு பின்னர் 6 விழுக்காட்டளவுக்கு இறங்கிற்று. 2006ஆம் ஆண்டு அவருக்கு மகசேசே விருது.

அவ்வளவு தொலைவு போவானேன் என்றால், ஒடிசாவின் பூரி. 2021 ஜூலை 26 முதல் அந்த நகரிலே நாள் முழுதும் குழாயிலே குடிக்கத்தக்க நீர். மீட்டர் பார்ப்பதும், கட்டணம் வாங்குவதும், நீரைச் சோதிப்பதும் யார்? ஜலசாதி என்று பெயர் சூட்டிய மகளிர். சுயஉதவிக் குழுப் பெண்கள். அந்தக் குழு முறையை இதே கல்வராயன் மலையின் மறுபக்கத்துத் தருமபுரியிலே 1989ஆம் ஆண்டிலேயே அரசுத் திட்டமாகத் தொடங்கியவர்கள் நாம்! நம் பெண்கள் கடன் கணக்கைக் காசு பிசகாது எழுதுகிறார்கள். லிட்டர் கணக்கு எழுத மாட்டார்களா?

ஆகவே நாம் கேட்க வேண்டியதை இப்போதே, அறிவிப்பு அச்சாகுமுன்னே, நகர்மன்றத்திலும் சட்டமன்றத்திலும் கேட்டாக வேண்டும். தேர்வு தமிழிலே நடக்க வேண்டும். எழுத்து பாதி, குழியிலே இறங்கிச் செய்து காட்டுவது பாதி. வால்வு திறக்கும் தொழிலாளியின் பணி ஆண்டுகளைப் பட்டயத்துக்கு ஈடாக ஏற்க வேண்டும். தேறியவருக்கு நிலையான வேலையும் ஊதிய உயர்வும் வேண்டும். சட்டத்திலே சுவரொட்டிபோல் ஒட்டிவைக்கும் வெறுஞ் சான்றிதழ் எவருக்கும் வேண்டாம். கருமந்துறையிலே பழங்குடி மாணவருக்கான அரசுத் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. மலையின் சேலம் பக்கத்திலே. இந்தப் பாடத்தை முதலிலே அங்கே தொடங்கச் சொல்வோம். ஆறு பிறக்கும் ஊரின் பிள்ளை அந்த ஆற்றுக்குக் கணக்கனாகட்டும்.

அரசு செய்யும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. படிப்பகத்து நீள்மேசை இருக்கிறது. ஒரு குடம், ஒரு கடிகாரம், ஒரு கோடு போட்ட நோட்டு. வார்டுக்கு இருவர். எந்த நாள், எந்தத் தெரு, எத்தனை மணிக்குத் திறந்தது, எத்தனை மணிக்கு நின்றது, எங்கே கசிவு, குடம் நிறைய எத்தனை நிமிடம் என்று ஒரு திங்கள் எழுதி வாருங்கள். குரூப் 4 படிக்கும் இளைஞரையும் துணைக்கு அழையுங்கள். அவருக்கும் தலை நிமிர ஒரு வேலை. முதல் வகுப்பு நடத்த உங்கள் தெருவிலே வால்வு திறப்பவரை அழையுங்கள். காலையிலே கூப்பிட வேண்டாம், அவருக்கு அப்போது வேலை. மாலை ஆறு மணிக்கு மேல் வருவார். மேசையின் தலைமாட்டிலே நாற்காலி போட்டு வையுங்கள்.